லொஸேர் மாவட்டத்தின் ஊர்களும் ஆட்சிப் பிரிவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிரான்ஸின் நாட்டுப்புறத்தைப் பற்றிப் படிக்கும்போதும், அங்கே குடியேற எண்ணும்போதும், ஓர் ஊரின் பழைய பதிவேட்டைத் தேடும்போதும், தெபார்த்மான், அரோந்திஸ்மான், கந்தோன், கொம்யூன் என்ற சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குழப்புகின்றன. இவற்றைப் பொதுப்படையாக விளக்குவதைவிட ஒரே மாவட்டத்தை எடுத்துக்கொண்டு விளக்குவதே நல்லது என்று தோன்றியதால், ஃபிரான்ஸின் பெருநிலத்தில் மக்கள்தொகை மிகக் குறைந்த லொஸேர் இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

லொஸேர் எங்கே இருக்கிறது? அது எவ்வளவு பெரியது?

ஃபிரான்ஸின் தென்பகுதியில், மாசிஃப் சாந்த்ரால் என்னும் நடு மலைநிலத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 5,170 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 76,000. அதாவது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 15 பேர் அளவில்தான் வாழ்கிறார்கள். 1851-இல் இதே நிலத்தில் சுமார் 1,44,000 பேர் இருந்தனர் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்றைய பிரிவுகள் பலவும் அந்த இரட்டிப்பு மக்கள்தொகைக் காலத்துக்காகப் போடப்பட்ட கோடுகள். ஆட்கள் குறைந்த பின்னும் கோடுகள் நெடுங்காலம் மாறாமல் நின்றன.

'தெபார்த்மான்' என்பதை மாவட்டம் என்று சொல்லலாமா?

சொல்லலாம், அதுவே பொருத்தமான சொல். அகராதியைப் பார்த்து 'துறை' என்றும் 'திணைக்களம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அலுவலகப் பிரிவைக் குறிக்கும் அந்தச் சொற்கள் நிலப்பிரிவுக்குப் பொருந்தா. ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். தெபார்த்மானில் அரசு நியமிக்கும் பிரெஃபே என்ற அதிகாரி ஒருபுறமும், மக்கள் தேர்ந்தெடுக்கும் மாவட்டமன்றம் மறுபுறமும் இருக்கின்றன. ஒருவர் அரசின் கை, மற்றது மக்களின் அவை. இரண்டின் அலுவலகங்களும் ஒரே நகரில் இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணித் தவறான கதவைத் தட்டுகிறார்கள்.

இந்த மாவட்டத்தின் எல்லை எப்படி வந்தது?

1789-இன் புரட்சிக்கு முன் இந்நிலம் ஜெவோதான் என்ற பழைய நாடு. அந்தப் பெயர் கல்லியர் காலத்துக் கபாலி என்ற குடியின் பெயரிலிருந்து வந்தது. மாந்த் நகரின் ஆயரே அதன் பிரபுவாகவும் இருந்தார். 1307-இல் அரசரும் ஆயரும் ஆட்சியுரிமையைப் பங்கிட்டுக்கொண்டு ஓர் உடன்படிக்கை செய்தனர். 1790-இல் நாடு முழுவதும் 83 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஜெவோதான் பெரும்பாலும் அப்படியே ஒரு மாவட்டமானது. வடக்கே சோக் என்ற ஊரும் அதன் சுற்றுப்புறமும் அண்டை மாவட்டமான ஓத்-லுவாருக்குப் போயின; தெற்கிலும் கிழக்கிலும் மெய்ருவேஸ், வில்ஃபோர் பக்கங்கள் வந்து சேர்ந்தன. பழைய பெயர்களைத் துடைத்துவிட்டு மலை, ஆறு ஆகியவற்றின் பெயர்களை வைப்பது அன்றைய முறை. அதன்படி, 1,699 மீட்டர் உயரமுள்ள ஃபினியேல் சிகரத்தைக் கொண்ட லொஸேர் மலையின் பெயர் மாவட்டத்துக்கு வந்தது. ஜெவோதான் என்ற பெயர், 1764 முதல் 1767 வரை அங்கே மக்களைக் கொன்ற விலங்கின் கதையோடு உலகெங்கும் இன்னும் நிற்கிறது.

மேலிருந்து கீழே எத்தனை அடுக்குகள் உள்ளன?

நாட்டுக்குக் கீழே ஒக்சிதானி மண்டலம். துலூஸைத் தலைநகராகக் கொண்ட அது, 2016-இல் இரண்டு பழைய மண்டலங்களை இணைத்து உருவாக்கப்பட்டது. அதில் 13 மாவட்டங்கள் உள்ளன. அதற்குக் கீழே லொஸேர் மாவட்டம், அதற்குள் இரண்டு அரோந்திஸ்மான்கள், 13 கந்தோன்கள், பல கொம்யூன் கூட்டமைப்புகள், 152 கொம்யூன்கள், அதாவது தனி மேயரும் மன்றமும் கொண்ட ஊர்கள். இவை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பெட்டிகள் அல்ல. கந்தோன் தேர்தலுக்கானது, கூட்டமைப்பு பணிகளைப் பகிர்ந்து செய்வதற்கானது, அரோந்திஸ்மான் அரசின் மேற்பார்வைக்கானது. ஒன்றின் எல்லை மற்றதன் எல்லையோடு பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் உறுதியான செங்கல் கொம்யூன் ஒன்றுதான்.

அரோந்திஸ்மான் என்பது என்ன? ஏன் இரண்டு மட்டும்?

ஒரு துணைப் பிரெஃபே பார்த்துக்கொள்ளும் உட்பிரிவே அரோந்திஸ்மான். நம்முடைய கோட்டத்தோடு ஒப்பிடலாம். தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை அதற்கு இல்லை. பாரிஸின் 20 வட்டாரங்களுக்கும் இதே சொல் வழங்கினாலும் அவை வேறு வகை. லொஸேரில் 1800-இல் மாந்த், மார்வெஜோல், ஃப்ளோராக் என மூன்று இருந்தன. 1926-இல் செலவைக் குறைக்க நாடு முழுவதும் பல துணைப் பிரெஃபெக்தூர்கள், அதாவது துணைப் பிரெஃபேயின் அலுவலகங்கள், மூடப்பட்டபோது மார்வெஜோல் தன் தகுதியை இழந்தது. எஞ்சியவற்றில் ஃப்ளோராக்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,000 மட்டுமே. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மார்வெஜோல்தான் பெரியது. ஆனால் செவென் மலைப்பகுதியிலிருந்து மாந்துக்கு வரும் வளைவுப் பாதையில் பனிக்காலத்தில் ஒருமுறை வந்தவர்களுக்கு, ஃப்ளோராக்கில் ஓர் அலுவலகம் இருந்தாக வேண்டியதன் காரணம் புரியும்.

முக்கிய நகரங்கள் எவை?

தலைநகரான மாந்த் லோ ஆற்றின் கரையில் இருக்கிறது. சுமார் 12,000 பேர் வாழும் அதுவே மாவட்டத்தின் பெரிய நகரம். அதன் பேராலயத்தைக் கட்டத் தொடங்கியவர் போப்பாண்டவர் ஐந்தாம் உர்பன். 1310-இல் இதே மாவட்டத்தின் கிரிஸாக் என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்த ஆலயத்தில் ஒரு காலத்தில் தொங்கிய பெருமணி 16-ஆம் நூற்றாண்டின் மதப் போர்களில் உருக்கப்பட்டுவிட்டது. மணியின் நாக்கு மட்டும் ஆலயத்துக்குள் இன்றும் இருக்கிறது, ஆள் உயரத்தை மிஞ்சும் இரும்புத் தண்டாக.

மார்வெஜோல் மூன்று கோட்டை வாயில்களைக் கொண்ட ஊர். 1586-இல் அழிக்கப்பட்டு, நான்காம் ஹென்றி மன்னரின் ஆதரவில் மீண்டும் எழுந்தது. பழங்காலத்தில் ஜெவோதானின் மன்றம் மாந்திலும் மார்வெஜோலிலும் மாறிமாறிக் கூடியது என்பதால், இரண்டு ஊர்களுக்கும் இடையிலான போட்டி மிகப் பழையது. வடக்கே சேன்-ஷெலி-தப்ஷே எஃகுத் தொழிற்சாலை உள்ள ஊர். வடகிழக்கே லாங்கோன், நோசாக் ஏரிக்கு அருகில். சேன்-அல்பான்-சூர்-லிமாஞோல் சிற்றூர்தான், ஆனாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்குள்ள மனநல மருத்துவமனையில் ஃபிரான்சுவா தொஸ்கெய் முதலிய மருத்துவர்கள் தொடங்கிய சிகிச்சை முறை ஃபிரான்ஸின் மனநல மருத்துவத்தையே திருப்பிப்போட்டது. ஓர் ஊரின் தகுதியை அதன் மக்கள்தொகையை வைத்து முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கந்தோன் எதற்குப் பயன்படுகிறது?

இன்று அது மாவட்டமன்றத் தேர்தலுக்கான தொகுதி மட்டுமே. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கந்தோனிலும் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இணையாகப் போட்டியிட்டு இணையாகவே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அதனால் 2015 மார்ச் தேர்தலில் லொஸேரின் 25 கந்தோன்கள் 13-ஆகக் குறைந்தன. உறுப்பினர்கள் 26 பேர். நாடாளுமன்றத்தில், கீழவைக்கு 2012 முதல் ஓர் உறுப்பினரும், மேலவைக்கு ஓர் உறுப்பினரும் இந்த மாவட்டத்திலிருந்து செல்கிறார்கள்.

76,000 பேருக்கு எதற்கு 152 கொம்யூன்கள்?

இந்தக் கேள்வியை ஃபிரான்ஸிலேயே பலர் கேட்கிறார்கள். மாந்தைத் தவிர்த்துக் கணக்கிட்டால் ஒரு கொம்யூனுக்குச் சராசரியாக 400-க்குச் சற்று மேற்பட்டவர்களே வருகிறார்கள்; 100 பேர்கூட இல்லாதவையும் உண்டு. 1789 டிசம்பரில், பழைய பங்குக்கோயில் எல்லைகளை ஒட்டியே கொம்யூன்கள் அமைக்கப்பட்டன. கோயில் மணியோசை கேட்கும் தொலைவு, நடந்துபோய்த் திரும்பும் தொலைவு ஆகியவை அன்றைய அளவுகோல்கள். மலைநாட்டில் அந்த அளவுகோல் இன்றும் பொருளற்றதாகிவிடவில்லை. வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறிப் போக அரைமணி நேரம் ஆகிறது.

சிற்றூரின் மேரி, அதாவது கொம்யூன் அலுவலகம், பெரும்பாலும் ஓர் எளிய கல் கட்டடம். பல ஊர்களில் பள்ளிக்கூடத்தோடு ஒட்டியது. வாசலில் மூவண்ணக் கொடி, சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் அறிவிப்புகள், கதவில் வாரத்துக்கு இரண்டு அரைநாள் திறந்திருக்கும் என்ற சிறு பலகை. உள்ளே பகுதிநேரச் செயலாளர் ஒருவர் பிறப்பு, இறப்பு, கட்டட அனுமதி, வாக்காளர் பட்டியல், கல்லறை இடம் என அனைத்தையும் பார்க்கிறார். மேயர் மாறினாலும் இவர் மாறாமல் இருப்பார். ஊரின் நினைவு இவரிடம்தான் இருக்கிறது.

தமிழர்களுக்கு இந்தச் சொல் புதியதன்று. ஃபிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1880-இல் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்கும் கொம்யூன்கள் வந்தன. பாகூர், வில்லியனூர், திருநள்ளாறு உள்ளிட்ட பத்து ஊர்கள் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயரையே தாங்குகின்றன.

மேயரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 100 பேருக்குக் குறைவான கொம்யூனுக்கு 7 உறுப்பினர்கள், 500-க்குக் குறைந்தால் 11, 1,500-க்குக் குறைந்தால் 15. பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். நெடுங்காலமாகச் சிற்றூர்களில் வாக்காளர்கள் பட்டியலிலுள்ள பெயரை அடித்து வேறு பெயரை எழுதிப் போட முடிந்தது. 1,000 பேருக்குக் குறைவான ஊர்களில் இந்த வழக்கத்தை 2025 மே மாதச் சட்டம் நிறுத்தியது; 2026 மார்ச் தேர்தல் முதல் அங்கும் ஆண் பெண் மாறிமாறி வரும் பட்டியலுக்கே வாக்கு. பிற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடிமக்கள் உறுப்பினராகலாம், ஆனால் மேயராக முடியாது.

பழைய வரைபடத்தில் உள்ள ஊர் புதிய பட்டியலில் இல்லையே, எங்கே போயிற்று?

பெரும்பாலும் அது 'புதிய கொம்யூன்' ஒன்றில் இணைந்திருக்கும். 2010-இல் வந்த சட்டம் இந்த இணைப்புக்கு வழி செய்தது. 2015-இல் நிதி ஊக்கமும் சேர்ந்தபின் வேகம் பிடித்தது. லொஸேரில் 185-ஆக இருந்த எண்ணிக்கை 152-க்கு இறங்கியது அப்படித்தான். ஃப்ளோராக்கும் லா சால்-ப்ருனேயும் 2016-இல் இணைந்து ஃப்ளோராக் த்ருவா ரிவியேர் ஆயின. மூன்று ஆறுகளின் ஃப்ளோராக் என்று பொருள். 2017-இல் ஓமோன்-ஒப்ராக்கும் மேலும் ஐந்து ஊர்களும் சேர்ந்து பேய்ர்-ஆன்-ஒப்ராக் ஆயின. தார்ன் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற சேன்த்-எனிமி, இப்போது கோர்ஜ் து தார்ன் கோஸ் என்ற கொம்யூனின் ஒரு பகுதி.

ஊரின் பெயர் அழிந்துவிடுவதில்லை. பழைய ஊர் 'துணைக் கொம்யூன்' என்ற நிலையில் தொடரலாம்; அதற்கு ஒரு துணைநிலை மேயரும் கிளை அலுவலகமும் இருக்கும். ஆனால் அந்த நிலையும் நிரந்தரமன்று, புதிய மன்றம் தீர்மானித்தால் அதை நீக்கிவிடலாம். பேய்ர்-ஆன்-ஒப்ராக்குக்குள் அடங்கிய ஜவோல் என்ற சிற்றூரை நினைத்துப் பார்க்க வேண்டும். ரோமானியர் காலத்தில் அது அந்தேரித்தும் என்ற பெயரில் கபாலிகளின் தலைநகராக இருந்தது. ஒரு நாட்டுக்கே பெயர் தந்த குடியின் தலைநகர் இன்று ஒரு துணைக் கொம்யூன். இணைப்புக்குச் செலவுக் கணக்கில் நியாயம் இருக்கலாம். ஆனால் 1702-இல் காமிசார் என்ற புராட்டஸ்டன்டுகளின் கிளர்ச்சி வெடித்த ல பொன்-த-மொன்வேர் என்ற பெயரின் வாலில் 'தெற்கு லொஸேர் மலை' என்று திசையை ஒட்டி வைப்பது ஊருக்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தோன்றவில்லை.

பழைய குடும்பப் பதிவேடு தேடுவோர் இணைப்புக்கு முந்தைய ஊர்ப்பெயரை வைத்தே தேட வேண்டும். மாவட்ட ஆவணக் காப்பகம் அந்தப் பெயர்களின் கீழேயே ஏடுகளை வைத்திருக்கிறது.

கொம்யூன் கூட்டமைப்பு என்பது இன்னோர் அடுக்கா?

ஆம், ஆனால் கொம்யூன்கள் தம் பணிகளில் சிலவற்றை ஒப்படைத்து நடத்தும் அடுக்கு. குப்பை அகற்றல், தொழில் வளர்ச்சி, சுற்றுலா போன்றவை அதனிடம் இருக்கின்றன. 2015 ஆகஸ்ட் சட்டம் ஒவ்வொரு கூட்டமைப்புக்கும் குறைந்தது 15,000 பேர் வேண்டும் என்றது. லொஸேரில் அப்படிச் செய்தால் மாவட்டமே ஐந்து துண்டுகளாகத்தான் நிற்கும். மலைப்பகுதிக்கும் மக்கள் அடர்த்தி குறைந்த பகுதிக்கும் 5,000 வரை தளர்வு உண்டு என்பதால், மாந்தைச் சுற்றிய கேர் த லொஸேர், மார்வெஜோலைச் சுற்றிய ஜெவோதான் முதலியவை தனித்தனியே நிற்கின்றன. குடிநீர்ப் பணியையும் கட்டாயமாக ஒப்படைக்க வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் ஊர்களை அலைக்கழித்தது. தங்கள் ஊற்றையும் குழாயையும் தாங்களே அறிந்த சிற்றூர்கள் அதை எதிர்த்தன. 2025 ஏப்ரலில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது; அது சரியான முடிவு.

சிற்றூருக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

அமோ என்றழைக்கப்படும் குக்கிராமம் ஆட்சிப் பிரிவு அன்று. ஆனால் லொஸேரின் வாழ்க்கை அங்கேதான் நடக்கிறது. லொஸேர் மலைச் சரிவுகளில் கோயிலே இல்லாத சில குக்கிராமங்களில், கருங்கல்லில் ஒரு சிறு கூண்டும் அதில் ஒரு மணியும் இருப்பதைக் காணலாம். லா ஃபாழ், செர்வியேஸ் ஆகிய இடங்களில் உள்ளவை அப்படிப்பட்டவை. பனிப்புயல் வழியை மறைக்கும்போது, வெளியே போனவர்கள் ஓசையைப் பிடித்து வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக மணிக்கணக்கில் அவற்றை அடித்தார்கள்.

சட்டத்தில் குக்கிராமத்துக்கு வேறொரு வழியில் இடம் உண்டு: 'கொம்யூன் பிரிவு' என்ற அமைப்பு. ஒரு குக்கிராமத்தின் மேய்ச்சல் நிலமோ காடோ கொம்யூனின் பொதுச் சொத்தாக இல்லாமல் அந்தக் குக்கிராமத்துக்கு மட்டும் உரியதாக இருக்கும். மார்ஜெரித், ஒப்ராக் பக்கங்களில் இத்தகைய நிலங்கள் ஏராளம். யார் மாட்டை விடலாம், யார் விறகு எடுக்கலாம் என்பது ஆண்டு முழுவதும் அங்கே நிலையாக உண்மையில் குடியிருப்பதைப் பொறுத்தது. நகரத்தில் வாழ்ந்துகொண்டு கோடையில் மட்டும் பாட்டன் வீட்டைத் திறப்பவருக்கு அந்த உரிமை இல்லை. 2013 மே மாதச் சட்டம் இதைத் தெளிவாக்கியது. நிலம் வாங்க எண்ணுவோர், பக்கத்து மேய்ச்சல் நிலம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை மேரியில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த வேலைக்கு எந்த அலுவலகம்?

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுக்கும் தொடக்கப் பள்ளிக்கும் கொம்யூன். நடுநிலைப் பள்ளியான கொலேஜ், முதியோர் உதவித்தொகை, குறைந்த வருமானத்தோருக்கான உதவி ஆகியவற்றுக்கு மாவட்டமன்றம். மேல்நிலைப் பள்ளிக்கும் வட்டாரத் தொடர்வண்டிக்கும் மண்டலம். வெளிநாட்டவரின் வதிவிட அனுமதிக்குப் பிரெஃபெக்தூர். மேயரால் அதைத் தர இயலாது.

அஞ்சல் குறியீடும் கொம்யூன் எண்ணும் ஒன்றா?

இல்லை. இரண்டும் 48 என்றே தொடங்குவதால் மயக்கம் வருகிறது. மாந்தின் அஞ்சல் குறியீடு 48000, புள்ளியியல் நிறுவனம் தந்த கொம்யூன் எண் 48095. ஃப்ளோராக்குக்கு முறையே 48400, 48061. ஓர் அஞ்சல் குறியீடு பல கொம்யூன்களுக்குப் பொதுவாக இருக்கலாம். கொம்யூன் எண் ஒன்றுக்கு ஒன்றுதான். படிவம் எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

ஒப்ராக், மார்ஜெரித், கோஸ், செவென் ஆகியவை ஆட்சிப் பிரிவுகளா?

அல்ல, அவை நிலத்தின் பெயர்கள். வடமேற்கே எரிமலைப் பாறையில் புல்வெளியாய் விரிந்தது ஒப்ராக். வடக்கே கருங்கல் காடு மார்ஜெரித். தென்மேற்கே வறண்ட சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் கோஸ். தென்கிழக்கே செங்குத்தான பள்ளத்தாக்குகளும் கஷ்கொட்டை மரங்களும் நிறைந்தது செவென். "எந்த ஊர்?" என்று கேட்டால், பலரும் கொம்யூனுக்கு அடுத்ததாக இவற்றில் ஒன்றையே சொல்வார்கள். 1970-இல் அமைக்கப்பட்ட செவென் தேசியப் பூங்காவும் ஆட்சிப் பிரிவு அன்று. ஃப்ளோராக் கோட்டையில் தலைமையகம் கொண்ட அந்தப் பூங்காவின் எல்லைக்குள் கட்டுவதற்கும் மரம் வெட்டுவதற்கும் கூடுதல் விதிகள் உண்டு.

சாலையில் போகும்போது எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்று அறிய வழி உண்டா?

உண்டு. ஊரின் நுழைவில் வெள்ளைப் பலகை, சுற்றிலும் சிவப்பு விளிம்பு; அதைக் கடந்தால் ஊருக்குரிய வேக வரம்பு தொடங்குகிறது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் அது வெறும் இடப்பெயர் அல்லது குக்கிராமம். சாலை எண்ணுக்கு முன் டி என்ற எழுத்து மஞ்சள் பட்டையில் இருந்தால் அதைப் பராமரிப்பது மாவட்டமன்றம். என் என்று சிவப்பில் இருந்தால் அரசு. லாங்கோனிலிருந்து மாந்த் வழியாகச் செல்லும் என்-88 அத்தகைய அரசுச் சாலை. இரண்டும் இல்லாமல் குக்கிராமத்துக்குப் பிரியும் குறுகிய தார்ப்பாதை கொம்யூனுடையது. பனி கொட்டிய காலையில் அந்தப் பாதையில் வண்டி மாட்டிக்கொண்டால் அழைக்க வேண்டியது அந்த ஊர் மேரியைத்தான்.